மின்வேந்தனுக்குக் கண்ணீர் அஞ்சலி

போன மாதம் மகளோடு ஓர் ஆட்டோவில் ஏறினேன். சீட்டுக்கு அன்றைக்குத்தான் புது உறை போட்டிருப்பார்கள் போலிருக்கிறது; வெயிலில் சூடேறிய ரெக்ஸின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கெல்லாம் தாழம்பூ, மழை பெய்த மண், அம்மா வைத்த ரசம் என்று கௌரவமான வாசனைகள்தாம் பழைய நினைவுகளைக் கிளப்பிவிடும். எனக்கு வாய்த்தது ஆட்டோ சீட். அது கிளப்பிவிட்டதோ, நான் ஒரு காலத்தில் சினிமா டைரக்டராக இருந்தேன் என்கிற, என் வீட்டிலேயே யாருக்கும் தெரியாத சங்கதியை.

நாங்கள் போய்க்கொண்டிருந்ததும் சினிமாவுக்குத்தான். வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோ படம். மகள் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பாடத்திட்டத்திலேயே முதல் பாடமாக இருக்கும் போல.

“அப்பா, முன்னாடியே சொல்லிர்றேன். அவனுக்குப் பவர் எப்படி வந்துச்சுன்னு முதல்ல ஒரு கதை வரும். அப்புறம் ஒரு வீக்னஸ் இருக்கும். கடைசியில செத்த மாதிரி காட்டுவாங்க. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சு வெளிய போயிராதீங்க, திரும்பி வந்திருவான்.”

“அப்படியா?” என்று கேட்டுவைத்தேன். இதையெல்லாம் நீ பிறப்பதற்கு முன்பே ஆனையூர்க் கண்மாயில் எடுத்தவனம்மா உன் அப்பன் என்று சொல்ல நாக்குத் துறுதுறுத்தது. ‘அந்தப் படம் எங்கே?’ என்று திருப்பிக் கேட்பாளே என்று அடக்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதில் அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் பார்க்கக் கேட்க மாட்டீர்கள்.

அப்போது நான் மதுரையில் ஒரு கல்யாண வீடியோ கடையில் எடிட்டர். எடிட்டர் என்றதும் என்னவோ ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். மணப்பெண்ணின் முகத்தை ரோஜாப்பூவுக்குள் சுழலவிட வேண்டும். மாப்பிள்ளை தலையைச் சுற்றி இதய வடிவில் வெட்ட வேண்டும். தாலி கட்டும்போது தொண்டையை அடைக்கிற மாதிரி ஒரு பாட்டைப் போட வேண்டும். அவ்வளவுதான் கலை. கேமரா ரபீக் அண்ணன். மண்டபத்தில் எத்தனை பேர் முட்டித் தள்ளினாலும் அவர் தோளில் கேமரா அசையாது. ஒருமுறை பந்தியில் சாம்பார் வாளி கவிழ்ந்து காலில் ஊற்றியபோதுகூட, “யா அல்லா” என்றாரே தவிர கேமராவை நிறுத்தவில்லை. அவருக்கு முன்னால் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி போகிறவன் ஒச்சு.

ஒச்சுவுக்கு ஊர் எழுமலை. நல்ல உயரம், நல்ல களை. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு லைட்டுக்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் எடிட்டிங்கில் எத்தனையோ முறை வெட்டியெறிந்திருக்கிறேன். அவனுடைய அய்யா மானாவாரிக் காட்டில் பாடுபட்ட விவசாயி. மகனைப் போலீஸ்காரனாக்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஒச்சு எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். ஓட்டப் பரீட்சை அன்று காலையில் மைதானத்துக்குப் போகாமல் சென்னை பஸ்ஸில் ஏறி ஒரு சினிமாக் கம்பெனி வாசலில் போய் நின்றான். அங்கே வாட்ச்மேனைத் தவிர வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தவனுக்கு வீட்டுக்குப் போகத் தைரியமில்லை; எங்கள் கடையில் சேர்ந்துவிட்டான். அய்யாவோ ஊர் முன்னால், “எனக்கு மகன் செத்துட்டான், தலைமுழுகிட்டேன்” என்று சொல்லிக் கிணற்றடியில் நிஜமாகவே தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டாராம். அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

“எங்கய்யா கணக்குல நான் செத்துப் பல நாளாச்சு மாப்ள” என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் எழுமலை போர்டு போட்ட பஸ் ஏதாவது கடந்து போனால் டீ கிளாஸ் அப்படியே நிற்கும். ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பான். நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

படம் எடுக்கலாம் என்ற யோசனையை ஆரம்பித்ததே அவன்தான். “ஒரே ஒரு படம் மாப்ள. எங்கூர்ல தெர கட்டிப் போடணும். எங்கய்யா அதுல என்னயப் பாக்கணும். அம்புட்டுதான் ஆசை.”

ஆடி மாதம் பிறந்தால் கல்யாணம் கிடையாது. கல்யாண வீடியோக்காரன் ஈ ஓட்டுகிற மாதம் அது. கடை முதலாளி, “சும்மா வச்சா லென்சுல பூஞ்சை பிடிக்கும், எடுத்துட்டுப் போங்கடா” என்று கேமராவைக் கொடுத்துவிட்டார். எடுத்தால் சூப்பர் ஹீரோ படம்தான் என்று முடிவு செய்தவன் நான். அதில் ஹீரோயின் தேவையில்லை என்பதுதான் காரணம். எங்களுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், நடிக்கவும்தான்.

ஹீரோவுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு முதலில் நான் எழுதிய கதையில் அவன் குலசாமியே இறங்கி வந்து கொடுப்பதாக இருந்தது. ஒச்சு காதைப் பொத்திக்கொண்டான். “சாமிய வச்சு வெளாடாத. கேக்காமக் கொள்ளாம வேசம் கட்டுனா ஒனக்கும் ஆகாது எனக்கும் ஆகாது.” சாமியிடம் போய்க் கேட்கலாம் என்றால் கோயில் அவன் ஊரில் இருக்கிறது. ஆகவே சாமியை எடுத்துவிட்டு டிரான்ஸ்பார்மரைப் போட்டேன். இடி விழுந்த டிரான்ஸ்பார்மரைக் கட்டிப்பிடித்ததால் உடம்பில் மின்சாரம் ஏறியவன். பெயர் மின்வேந்தன். அவனுடைய பலவீனம் என்ன தெரியுமா? கரண்ட் கட். ஊரில் மின்சாரம் போனால் அவனுக்கும் போய்விடும். வில்லன் மின்வாரிய அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் தாக்குதலுக்கே வருவான். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

உடுப்பு பளபளவென்று இருக்க வேண்டும். துணி தைக்கிறவர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் செல்லூர்ப் பக்கம் ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கிற ஒருவர் சிவப்பு ரெக்ஸினில் தைத்துக் கொடுத்தார். ஆட்டோ சீட்டுக்கு உட்காரத் தெரியாதல்லவா? அதை மாதிரியே இந்த உடுப்பிலும் உட்கார முடியாது. போட்டால் நிற்கலாம், அல்லது படுக்கலாம். மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒச்சு நின்றால் கால்வழியாக வேர்வை சொட்டும். முதுகில் ஒரு அங்கவஸ்திரம் பறக்க வேண்டுமே என்று கவலைப்பட்டோம். ஆடிக்காற்றுக்கு அம்மியே பறக்கும்போது அதுவா பறக்காது? பறந்து பறந்து அவன் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. ஸ்லோமோஷன் எங்கள் கேமராவில் இல்லை. ஒச்சுவை மெதுவாக நடக்கச் சொன்னேன். அவன் அருமையாக மெதுவாக நடந்தான். பின்னால் ஒரு கோழி மட்டும் அதன் வேகத்துக்கு ஓடிவிட்டது.

முகமூடிக்குள் இருப்பது யாரென்று ஊருக்குத் தெரியக் கூடாது. சூப்பர் ஹீரோ கதைக்கு உயிர்நாடியே அதுதான். சோழவந்தானில் ஒரு கொடிக்காலில் சண்டை எடுத்தோம். வெற்றிலை கிள்ள வந்திருந்த பெண்களிடம், சண்டை முடிந்ததும் “யாரு இந்த மாயாவி?” என்று வாயைப் பிளந்து கேட்கும்படி சொல்லியிருந்தேன். ஒச்சு வில்லனைப் புரட்டிப்போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். ஒரு அக்கா முந்திக்கொண்டு சொன்னார்: “யாரா? லைட்டுப் பிடிக்கிற தம்பிதான இது! எங்க நாத்தனா கல்யாணத்துல நின்னுச்சுல்ல, அதே நிப்பு!” முகத்தை மூடினால் போதும் என்று நினைக்கிற ஊர்களில் வேண்டுமானால் முகமூடி எடுபடும். இங்கே நடையை வைத்தே கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சாவு. ஊருக்காக மின்வேந்தன் உயிரை விடுகிறான், முகமூடி கழற்றப்படுகிறது, அப்போதுதான் அவன் யாரென்று ஊருக்குத் தெரிகிறது, நகரமே அழுகிறது. நகரம் அழுவதை எப்படிக் காட்டுவது? வேறு ஊர்க்காரன் என்றால் மெழுகுவத்தி, பூங்கொத்து என்று போயிருப்பான். மதுரைக்காரனுக்கு அழுகை என்றால் போஸ்டர். கறுப்புக் கட்டம், நடுவில் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. எனக்கு அப்போது யதார்த்தப் பைத்தியம் வேறு பிடித்திருந்தது. பாத்திரத்துக்கு வேறு பெயர் வைக்க ஒச்சு சம்மதிக்கவில்லை, தன் பெயரே இருந்தால்தான் ஊரில் தெரியும் என்றான். ஆகவே அவனுடைய பெயர், அவனுடைய போட்டோ. கீழே வாசகம் நான்: ‘எழுமலை தந்த ஏந்தலே! எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போனாய்? நீ தாங்கிய ஒளி இனி யார் கையில்? கண்ணீருடன், ஆனையூர் நண்பர்கள்.’ சொந்த ஊர் பெயர் இல்லாத அஞ்சலி போஸ்டரை மதுரையில் யாராவது பார்த்திருக்கிறார்களா? அதனால் எழுமலையைச் சேர்த்தேன். ஒளி என்று எழுதியது லைட்டை நினைத்து.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சுவர். ஆனால் அச்சகத்தில் சின்னக் கட்டாகக் கொடுக்க மாட்டார்களே. ஒட்டுகிறவரிடம், “ஆனையூர்ச் சுவத்துல ஒட்டிருங்கண்ணே, மிச்சத்தப் பாத்துக்கங்க” என்று சொல்லிக் கட்டைக் கொடுத்தோம். மிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டார். போஸ்டரில் என்ன ஊர் போட்டிருக்கிறதோ அந்த ஊர் வரைக்கும் ஒட்டிக்கொண்டு போவதுதானே துட்டி போஸ்டருக்கு மரியாதை? உசிலம்பட்டி வழி நெடுக ஒட்டி, எழுமலை பஸ் ஸ்டாண்டில் கடைசிப் போஸ்டரை ஒட்டிவிட்டுப் பசை வாளியைக் கழுவியிருக்கிறார். இது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் காலை வற்றிய ஆனையூர்க் கண்மாய்க்குள் ஒரு பெஞ்சைப் போட்டு ஒச்சுவைப் படுக்கவைத்தோம். உட்கார முடியாத உடுப்புக்குப் படுக்கிற காட்சி என்பதில் அவனுக்குப் பரம சந்தோஷம். முகமூடி கழற்றிய முகம், உடுப்பே தெரியாதபடி கழுத்தில் மாலை, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. யதார்த்தம். “மாப்ள, மூச்சு வெளிய தெரியக் கூடாது. நான் கட் சொல்ற வரைக்கும் என்ன நடந்தாலும் கண்ணத் தொறக்காத” என்றேன். சுற்றி நின்று அழுவதற்கு ஆள் போதவில்லை என்று காலையிலிருந்து எனக்கு ஒரே புலம்பல். ரபீக் அண்ணன் தோளில் கேமராவை ஏற்றி, “ஓடுதுப்பா” என்றார்.

அப்போதுதான் கரைமேல் ஒரு வேன் வந்து நின்றது. எழுமலையிலிருந்து கேதத்துக்கு, துக்கம் கேட்க வந்த வேன். ஆனையூர் டீக்கடையில் அவர்கள், “எழுமலை ஒச்சு எறந்தது எங்கண்ணே?” என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் எங்களுக்குக் காலையில் டீ கொடுத்தவர். ஆற்றிக்கொண்டே, “கம்மாய்க்குள்ள படுக்க வச்சிருக்காக, போங்க” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

பெண்கள் தலையை விரித்துப்போட்டுக் கரையிலிருந்து ஓடிவந்தார்கள். எழவு வீட்டுக்குரிய அழுகை, நெஞ்சிலடி, மண்ணில் புரளல். ரபீக் அண்ணன்தான் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் ஏற்பாடு செய்ததாக அவர் நினைத்திருக்கிறார். ஆகவே அவர் கேமராவை நிறுத்தவில்லை; நான், “பிரமாதம், பிரமாதம்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு இயற்கையாக நடிக்கிறவர்கள் எழுமலைப் பேச்சும் பேசுகிறார்களே என்று ஒரு நொடி வியந்ததும் உண்டு. அந்த அளவுக்குத்தான் அறிவு.

கடைசியாக ஒருவர் வந்தார். அழவில்லை. துண்டு தோளிலிருந்து நழுவியது தெரியாமல், காய்ந்த கண்மாயில் தடுக்கித் தடுக்கி வந்தார். பெண்களை விலக்கிக்கொண்டு போய் ஒச்சுவின் காலைத் தொட்டார். பிறகு முகத்தைத் தொட்டார். பிறகு அப்படியே அவன்மேல் சரிந்தார்.

“எய்யா... ஒச்சு... என் வாயில வந்த சொல்லுதான்யா ஒன்னயக் கொண்டுபோயிருச்சு. ஓடத்தானய்யா சொன்னேன். சாகவா சொன்னேன்?”

அப்போதுதான் ஒச்சுவின் அதே மூக்கையும் தாடையையும் அவர் முகத்தில் பார்த்தேன். கட் என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அதற்குமேல் அவர் பேசியது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பெண்களின் ஒப்பாரிக்கு நடுவே அவர் வாயை மகன் காதோடு வைத்து என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒச்சு அசையவில்லை. நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தானா, அய்யா சொல்வதைக் கேட்டுக் கிடந்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. அதைப் பார்த்ததும் எத்தனையோ நாள் வெட்டி ஒட்டிய பழக்கதோஷத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது: “கட்! கட்! பொணம் அழக் கூடாதுப்பா!”

கண்மாய் அமைதியானது. ஒச்சு கண்ணைத் திறந்து, “அய்யா” என்றான். ஒரு சின்னம்மா அலறிக்கொண்டு கரைமேல் ஏறி ஓடினார். அய்யா மட்டும் நகரவில்லை. மகனைப் பார்த்தார். அவன் மூக்கிலிருந்த பஞ்சைத் தம் கையாலேயே எடுத்தார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார். கரை வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு நெற்றிக்காசைப் பிய்த்து வீசினார்.

“யாருடா அந்தப் போஸ்டர எழுதுனவன்?”

கடை ஆட்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு படைப்பாளிக்கு இப்படி ஒரே குரலில் அங்கீகாரம் கிடைப்பது அபூர்வம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத்தான் எழுதியிருக்க. எம்பொண்டாட்டி இன்னும் மயக்கம் தெளியாமக் கெடக்கா.” நான் எழுதி ஒருவரை அழவைத்தது அதுதான் முதல் முறை, கடைசி முறையும்.

வேனில் வந்த பெரியவர்களில் ஒருவர், “செத்தான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிப்பா” என்று சொல்ல, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். கொண்டுவந்த கோடித்துணியைக் கண்மாயிலேயே போட்டுவிட்டார்கள். அய்யா, “ஏறு, ஒங்காத்தா பாக்கணும்” என்றார். ஒச்சு என்னிடம், “நாளைக்கு வாரேன் மாப்ள” என்று சொல்லிவிட்டு அதே உடுப்போடு ஏறினான். எழுமலை வரைக்கும் வேனில் நின்றுகொண்டேதான் போயிருக்கிறான்.

நாளைக்கு அவன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. காட்டைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருந்துவிட்டான். மின்வேந்தன் செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரவேயில்லை. நானே உடுப்பை மாட்டிக்கொண்டு உயிர்த்தெழலாமா என்றுகூட யோசித்தேன். அது ஒச்சு புதிதாகப் போட்ட தோட்டத்து மோட்டாருக்கு மழைக்குப் போர்த்தும் உறையாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. மின்சாரத்தோடு அதற்கு இருந்த உறவு அத்தோடு போகவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

ஒச்சுவின் அய்யா போன வருஷம் காலமானார். பேரன் பேத்தி எடுத்தவர், கல்யாணச் சாவு. செல்போனில் வந்த அஞ்சலிப் படத்தைப் பார்த்துத்தான் நான் போனேன்; வழியில் சுவர்களில் தேடிப் பார்த்தேன், ஒரு போஸ்டரும் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒச்சு என்னைத் தனியே அழைத்தான்.

“மாப்ள, அந்தக் கேசட்டு வச்சிருக்கியா?”

“பரண்ல கெடக்கும். எதுக்கு?”

“அன்னைக்கு எங்காதுல பேசுனாருல்ல. அதுக்கப்பறம் இம்புட்டு வருசத்துல ஒருநாளும் அப்படிப் பேசுனதில்ல. போன்லயும் அலோன்னா வச்சிருவாரு. அவரு குரலு எதுலயுமே இல்ல மாப்ள. ஒருக்காக் கேக்கணும் போல இருக்கு.”

எங்கள் கேமராவின் மைக் எப்போதோ உடைந்துபோனது. யாரும் சரிசெய்யவில்லை; எங்கள் படத்துக்குக்கூடக் குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். எந்தக் கல்யாணத்துக்கும் மேலே பாட்டைப் போட்டு நிரப்புகிறவர்களுக்கு மைக் எதற்கு? மந்திரமும் மேளமும் மணப்பெண்ணின் அம்மா அழுவதும் எங்களுக்கு என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. “சத்தம் இருக்காதுடா” என்றேன். “பரவால்ல, கொண்டா” என்றான்.

ரபீக் அண்ணனின் மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். பெரும்பகுதியைப் பூஞ்சை தின்றிருந்தது. டிரான்ஸ்பார்மர், கொடிக்கால், கோழி எதுவும் மிச்சமில்லை. என் டைரக்‌ஷன் முழுவதும் போயிருந்தது. கண்மாய் மட்டும் கோடு கோடாக இருந்தது.

எழுமலையில் அவன் வீட்டுக் கட்டிலில் லேப்டாப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். எனக்கு அதுவரை தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு இவன் கண்ணை மூடிக் கிடந்தவன். அய்யாவைக் கேட்டானே ஒழியப் பார்க்கவில்லை. அவர் தடுக்கித் தடுக்கி வந்ததை, காலைத் தொட்டதை, அந்த முகத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். திரையில் அய்யா குனிந்து அவன் காதோடு வாயை வைத்தார். அவர் உதடு அசைந்தது. கட்டிலுக்கு மேலே மின்விசிறி ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு பார்த்தேன், ஒச்சுவின் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. ஓர் இடத்திலும் பிந்தவில்லை, முந்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

“இன்னொருக்காப் போடு” என்றான். போட்டேன்.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தக் குரல் இப்போது ஒச்சுவின் காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது.